கோலுக்கு ரசீது கேட்டவர்

நான் பார்த்த பந்தாட்டக்காரர்களில், கோல் போட்ட கையோடு ரெஃப்ரியிடம் போய் அதை எழுதிக் கொடுக்கச் சொன்னவர் அவர் ஒருவர்தான். கல்கத்தா மைதானத்தில் ஆடி மாத மழை கொட்டிக்கொண்டிருக்கும். கோல் விழுந்த சந்தோஷத்தில் ஜனங்கள் குடைகளை மேலே எறிந்து பிடிப்பார்கள். கூட ஆடியவர்கள் அவரைக் கட்டிக்கொள்ள ஓடி வருவார்கள். அவரோ அவர்களை விலக்கிவிட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றி இடுப்பில் செருகியிருந்த காகிதத்தையும் பென்சில் துண்டையும் எடுத்துக்கொண்டு ரெஃப்ரியைத் தேடிப் போவார். ரெஃப்ரி பெரும்பாலும் கோட்டையிலிருந்து வந்த வெள்ளைக்கார சார்ஜெண்டாக இருப்பார். முதல் தடவை அந்த மனிதர் திட்டினார். இரண்டாம் தடவை சிரித்தார். மூன்றாம் தடவை, ஆட்டம் முடிந்ததும் எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். கொடுக்காவிட்டால் ஆட்டம் மறுபடி தொடங்காது என்பது அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

வங்காளிகள் அவருக்கு ரசீத் பாபு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்குச் சொந்தப் பெயர் இல்லாமல் இல்லை. அதை என் கையால் ஏகப்பட்ட காகிதங்களில் எழுதியாயிற்று. எழுதிய வரைக்கும் போதும் என்று இங்கே விட்டுவிடுகிறேன்.

அப்போது நான் கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் கடிதப் போக்குவரத்துக் குமாஸ்தா. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்து காளிகாட்டில் ஒரு மெஸ்ஸில் தங்கியிருந்தேன். மெஸ்ஸில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் குமாஸ்தாக்கள். வங்காளிக்கு மூளை, மார்வாடிக்குப் பணம், வெள்ளைக்காரனுக்குத் துப்பாக்கி, நமக்கு டிராஃப்டிங் என்று எங்களில் மூத்தவர் ஒருவர் தினம் ஒரு தடவையாவது சொல்வார். அவர் ஆடிட் ஆபீஸில் இருந்ததால் ஆடிட் மாமா என்று அழைத்தோம். கல்கத்தாவில் எங்களை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்றாலும், எங்கள் மனுக்களை ஏறெடுத்துப் பார்த்தார்கள் என்பதில் எங்களுக்கு அசாத்தியக் கர்வம்.

பின்னால் ரசீத் பாபு ஆன மனிதர் ஒரு நாள் மத்தியானம் மெஸ் வாசலில் வந்து நின்றார். கிதிர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் என்றார். தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். எங்கள் ஆசாரப்படி அவரை உள்ளே விடவில்லை. வாசல் பக்கத்து வராந்தாவில் இலை போட்டோம். அதில் ஒரு குறையும் இருப்பதாக எங்களுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. இன்றைக்கு அதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் காசைக் கொடுத்துவிட்டு, தாம் சாப்பிட்டதற்கு ஒரு சீட்டு வேண்டும் என்று கேட்டார்.

சமையல்காரருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "என்ன ஓய், என் சாம்பாருக்குச் சாட்சி கேக்கறீரா? கோர்ட்டுக்குப் போகப் போறீரா?" என்று கரண்டியோடு வெளியே வந்தார். சமாதானம் பண்ணுவதற்காக நான் ஒரு காகிதத்தை எடுத்து, இன்னார் இன்ன தேதியில் காளிகாட் மெஸ்ஸில் சாம்பார் சாதமும் ரசமும் சாப்பிட்டார் என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"மோர் விட்டுப் போச்சுங்க ஐயரே," என்றார்.

மோரையும் சேர்த்தேன். எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கிற்று.

அவர் பந்தாட வந்த கதை சுருக்கமானது. துறைமுகத்திலிருந்து திரும்பும் வழியில் மைதானத்து வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். பந்து வெளியே வந்து விழுந்தது. தலைச்சுமையை இறக்காமலே இடது காலால் திருப்பி உதைத்தார். அது நேரே கோல் கம்பங்களுக்கு நடுவே போயிற்று. வட கல்கத்தாவில் கிளப் நடத்திய ஜமீன்தார் பாபு ஒருவர் மறுநாளே ஆளனுப்பி அவரைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நாளில் பந்தாடுவதற்குப் பணம் வாங்கக் கூடாது. அது இழிவு. ஆனால் பந்தாடுகிறவன் வேறு வேலைக்குப் பணம் வாங்கினால் இழிவு இல்லை. ஆகவே பாபு தம் மாளிகையிலிருந்த பன்னிரண்டு கடிகாரங்களுக்கும் வாரம் ஒரு முறை சாவி கொடுக்கிற உத்தியோகத்தில் அவரை நியமித்தார். பன்னிரண்டில் ஏழு ஓடாதவை. மற்றவர்களாயிருந்தால் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். இவர் வியாழக்கிழமைதோறும் பன்னிரண்டுக்கும் சாவி கொடுத்துவிட்டு, கொடுத்ததாகப் பாபுவிடம் சீட்டு வாங்கினார். பாபு அபினி போட்டுக்கொண்டு தூங்குகிற நேரமாக இருந்தால் எழுந்திருக்கும்வரை காலடியில் காத்திருப்பார்.

கிளப்பில் எல்லாரும் வெறுங்காலில்தான் ஆடினார்கள். பூட்ஸ் போட்ட பட்டாளத்தானை வெறுங்காலோடு ஜெயித்தால்தான் ஜெயித்ததாக அர்த்தம் என்று ஒரு தேசாபிமானம். இவரோ முன்பு தென்னாப்பிரிக்காவில், டர்பன் ஊரில், யாரோ சிப்பாய் கழித்துப்போட்ட பூட்ஸில் பழகியவர். கழற்ற மாட்டேன் என்று சொல்லவில்லை. விரல் முறிந்தால் கிளப் பொறுப்பு என்று காரியதரிசியை எழுதித் தரச் சொன்னார். தேசத்துக்காக விரலைக் கொடுக்கக் கூடாதா என்று காரியதரிசி கண் கலங்கக் கேட்டாராம். கொடுக்கலாம், அதையும் எழுதிக் கொடுங்கள் என்றாராம் இவர். இரண்டு வருஷத்தில் மூன்று விரல் முறிந்தன. மூன்றுக்கும் சீட்டு இருந்தது.

ஒரு தடவை பட்டாளத்து டீமோடு ஆடும்போது இவர் போட்ட கோலை ரெஃப்ரி செல்லாது என்றுவிட்டார். வேலியோரம் மரத்தில் ஏறியிருந்தவர்கள் உள்பட அத்தனை வங்காளிகளும் கத்தித் தீர்த்தார்கள். கல் பறக்கும் போலிருந்தது. இவர் மட்டும் அமைதியாகப் போய்க் காகிதத்தை நீட்டினார். செல்லாது என்றால் செல்லாது என்றாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். சார்ஜெண்ட் திகைத்துப் போய், தம் சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் பின்புறத்தில் "கோல் இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். இவர் அதையும் கோல் சீட்டுகளோடு அதே மரியாதையில் மடித்து வைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் இது வெறும் பைத்தியம் இல்லை என்று எனக்குச் சந்தேகம் தட்டிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ட்ராமில் வரும்போது விசாரித்தேன். அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். அவருடைய அப்பா ஜோஹானஸ்பர்க்கில் காய்கறி விற்றவர். அங்கேதான் இவர் பிறந்தார். பதினாறு வயதில், அங்கே ஆண்ட போயர்களுக்கும் இங்கிலீஷ்காரர்களுக்கும் யுத்தம் வந்தது. இந்தியர்கள் எல்லாரும் நிலக்கரி வண்டியில் ஏறி டர்பனுக்கு ஓடினார்கள். அகதிகள் கொட்டகையில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். கொட்டகையில் இடம் போதாமல், வயசுப் பிள்ளைகளை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இவரை ஏற்றின கப்பல் சென்னைக்குப் போகாமல் கல்கத்தாவுக்கு வந்தது. யுத்தம் முடிந்து மற்றவர்கள் ஊர் திரும்பியபோது, முன்பு அங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று இங்கிலீஷ் அதிகாரிகள் கேட்டார்கள். அக்காள் புருஷனிடம் போயர் காலத்தில் வரி கட்டின ரசீது ஒன்று கிழியாமல் இருந்தது. அதைக் காட்டி அவர் அக்காளையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இவருக்கு ரசீது இல்லை.

"பொறந்த வீட்டையே நான் இருந்த வீடுன்னு காட்ட முடியல ஐயரே. அடுத்த வாட்டி எந்த ஊர்ல இருந்து தொரத்தினாலும், நான் இங்கதான் இருந்தேன்னு காட்ட வேணாமா?" என்றார்.

அவர் ட்ராம் டிக்கெட்டைச் சுருட்டி எறியாமல் பத்திரப்படுத்தினார்.

பிறகு அவர் எங்கள் கம்பெனிக்கே வந்து சேர்ந்தார். எங்கள் பெரிய துரைக்குப் பந்துப் பைத்தியம். ஆபீஸ் டீம் ஒன்று கட்டினார். கடிகாரச் சாவியைவிடக் கௌரவமான உத்தியோகமாகத் தர வேண்டுமென்று இவரைத் தபால் அனுப்புகிற குமாஸ்தா ஆக்கினார்; விலாசம் கூட்டிப் படிக்கிற அளவுக்கு இவருக்கு எழுத்துத் தெரியும். என் மேஜைக்கு எதிர் மேஜை. அவர் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். அவர் வேலை செய்யத் தொடங்கினார். வந்த கடிதத்துக்கும் சீட்டு, போன கடிதத்துக்கும் சீட்டு. எந்தக் கடிதம் எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கிற்று என்பதற்கு அத்தாட்சி வந்துவிட்டது. அதுவரை எங்கள் ஆபீஸ் நடந்ததே "கடிதம் வந்து சேரவில்லை" என்ற ஒரு வாக்கியத்தின் பலத்தில்தான். தலைமைக் குமாஸ்தாவான வங்காளிப் பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டு, உங்கள் ஊர்க்காரர் கால் நன்றாக இருக்கிறது, கையைக் கொஞ்சம் கட்டிப்போடக் கூடாதா என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டார்.

இப்படி ஐந்தாறு வருஷம். ரசீத் பாபு ஆடுகிறார் என்றால் காளிகாட்டிலிருந்து ஜனங்கள் நடந்தே மைதானத்துக்கு வந்தார்கள். முறிந்த விரல்களோடு அவர் பந்தைக் கொண்டுபோகிற அழகைப் பார்த்து, பந்தாட்டத்தைப் பற்றி ஓர் எழவும் தெரியாத நானே எழுந்து நின்று கத்தியிருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் நடையைக் கட்டிவிடுவார். மாலை போடுவதென்றாலும் மாலை போட்டதற்கு எழுதித் தர வேண்டும்.

அப்போதுதான் அக்காளிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்கு வலது கண் போய்விட்டது, இடது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது, உன் முகம் தெரிகிறபோதே வந்து சேரச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தாள். கூடவே ஒரு காகிதம். இவர் சிறு பிள்ளையாக இருந்தபோது எழுத்துச் சொல்லிக்கொடுத்த பாதிரியாரை அக்காள் தேடிப் பிடித்திருக்கிறாள். இந்தப் பையன் இன்ன தெருவில் இன்ன வீட்டில் பிறந்து வளர்ந்தவன், யுத்தத்துக்கு முன் என்னிடம் படித்தவன், நான் அறிவேன் என்று பாதிரியார் நாலே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதை வைத்து அங்குள்ள பெர்மிட் ஆபீஸுக்கு மனுப் போட்டால் அனுமதி கிடைக்கும் என்று அக்காள் புருஷன் விசாரித்து வைத்திருந்தார்.

அவர் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெஸ் வராந்தாவில் வந்து உட்கார்ந்தார்.

மெஸ்ஸுக்கே கல்யாணக் களை வந்துவிட்டது. ஒன்பது குமாஸ்தாக்கள், ஒரு மனு. ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி ஆனதும் வேலையைத் தொடங்கினோம். "பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று ஆரம்பிப்பதா, "சமர்ப்பிக்கும் கௌரவத்தைப் பெறுகிறேன்" என்று ஆரம்பிப்பதா என்பதில் பதினோரு மணி ஆகிவிட்டது. எங்களில் ரயில்வே ஆபீஸில் இருந்தவரும் ஆடிட் மாமாவும் அதற்கப்புறம் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. மனு என்னுடைய கையெழுத்தில் போக வேண்டும் என்பதில் மட்டும் அபிப்பிராய பேதம் இல்லை. அதில் எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

நாலு பக்க மனு தயாரான பிறகு, பாதிரியார் காகிதத்தை இணைப்பு ஒன்று என்று குறித்து அடியில் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் ஃபைல் ஒல்லியாக இருந்தது. மனசுக்குத் திருப்தியாக இல்லை. இதை இப்படியே தபாலில் போட்டால் ஏழை வீட்டுச் சம்பந்தம் பேசப் போன மாதிரி இருக்கும் என்றார் ஆடிட் மாமா. அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது. வேறு யாருக்காவது வந்திருக்கக் கூடாதா என்று பல வருஷம் நினைத்திருக்கிறேன்.

"ஓய், உம்ம தகரப்பெட்டியைக் கொண்டுவாரும்," என்றேன்.

கொண்டுவந்தார். அவர் சேர்த்துவைத்த சீட்டுகள் அத்தனையும் அதில் இருந்தன. கோல்கள், முறிந்த விரல்கள், கடிகாரங்கள், நான் எழுதிய மோர் உள்பட. இவ்வளவு கண்ணியமான, ஒழுங்கான மனிதர் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து, எண் போட்டு, தேதி வாரியாக அடுக்கினோம். பாபுவிடம் போய்ப் புதிதாக ஒரு நற்சாட்சிப் பத்திரம் வாங்கினேன். அவர் தாராள மனசுக்காரர். இவர் கல்கத்தாவின் கண்மணி, இந்த மண்ணின் பிள்ளை என்று எழுதினார். எங்கள் துரை, கம்பெனியின் நிரந்தர ஊழியர் என்று எழுதிக் கொடுத்தார். மொத்தம் நூற்றுப் பதினெட்டு இணைப்புகள். சிவப்பு நாடாவால் கட்டி நிறுத்தினபோது நாங்கள் ஒன்பது பேரும் சுற்றி நின்று பார்த்தோம். அவ்வளவு அழகான ஃபைல் அந்த மெஸ்ஸிலிருந்து அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை.

அவருக்கு மட்டும் என்னவோ உறுத்திற்று.

"பாதிரியார் காயிதம் ஒண்ணு போதாதுங்களா ஐயரே? இவ்வளவும் வேணுமா?" என்று கேட்டார்.

"கனத்தைப் பாத்துத்தான் ஓய் துரைகள் கட்டை அவிழ்ப்பா. நீர் பந்தைப் பாரும், இதை என்கிட்ட விட்டுடும்," என்றேன்.

விட்டுவிட்டார். அதுவரை எழுதி வாங்காமல் யார் சொல்லையும் நம்பாதவர், என் வாய்வார்த்தையை நம்பினார்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. தபால் அவருடைய மேஜைக்குத்தானே வரும்? உறையைப் பிரிக்காமல் என் மேஜைக்கு எடுத்துவந்தார். பகல் பன்னிரண்டு மணி. சுற்றிலும் ஆபீஸ் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. முதலில் எனக்குள் வாசித்தேன். பிறகு அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

இணைப்பு ஒன்று பார்வையிடப்பட்டது என்று ஒரு வரி. அதில் குற்றம் ஒன்றும் சொல்லவில்லை. இணைப்பு இரண்டு முதல் நூற்றுப் பதினெட்டு வரை உள்ளவை, மனுதாரர் கல்கத்தாவையே தம் ஊராகக் கொண்டு நிலைத்துவிட்டவர் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கின்றன. அவர் இந்த மண்ணின் பிள்ளை என்று கனவான் ஒருவர் எழுதியிருப்பதையும், நிரந்தர ஊழியர் என்று அவருடைய கம்பெனியே உறுதி கூறியிருப்பதையும் கவனிக்கவும். ஆகவே ஊர் திரும்பக் காத்திருக்கும் அகதியாக அவரைக் கருதுவதற்கில்லை. மனு தள்ளுபடி. இனி இதுபற்றி எழுத வேண்டாம்.

அவர் நின்றபடியே கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் படிச்சிருக்காங்க," என்றார்.

நான் தலையை ஆட்டினேன். படிக்கமாட்டார்கள் என்றுதானே நாங்கள் கனமாக அனுப்புவது! நூற்றுப் பதினெட்டையும் ஒருவன் படிப்பான் என்று குமாஸ்தாவாகப் பிறந்த எவனுக்காவது தோன்றுமா? அடுக்கின அழகில் அவனுக்குப் படிக்க ஒரு சிரமமும் இருந்திருக்காது. தேதி வாரியாக, எண் வாரியாக, ஒரு மனிதனை அவன் அம்மாவிடமிருந்து பிரித்து இந்த ஊரில் ஆணியடித்துக் கொடுத்தது என்னுடைய கையெழுத்து.

"மொதல் காயிதத்தை மட்டும் அனுப்பியிருந்தா விட்டிருப்பாங்களா ஐயரே?" என்று கேட்டார்.

விட்டிருப்பார்கள். அது எனக்குத் தெரியும். எதிரே நிற்கிறவருக்கும் தெரியாமல் இராது. மைதானத்தில் செல்லாது என்று சொன்ன சார்ஜெண்டுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை.

"இல்லை ஓய். அப்பவும் இதையேதான் சொல்லியிருப்பா. அவா முன்னாலேயே தீர்மானம் பண்ணிட்டா," என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எதிர் மேஜைக்குப் போய் ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"அத எழுதிக் குடுங்க. தமிழ்லயே எழுதுங்க. அம்மாவுக்கு அனுப்பணும். மவன் வர முயற்சி பண்ணல, இங்க சொகமா இருந்துட்டான்னு நெனச்சிரப்படாது."

எழுதினேன். என்ன செய்திருந்தாலும் அனுமதி கிடைத்திருக்காது, இதில் யார் பிழையும் இல்லை என்று எழுதினேன். அவருக்காக அத்தனை வருஷமும் எழுதிய சீட்டுகளில் ஒரு மோர் விட்டுப்போனது தவிரப் பொய் என்று எதுவும் கிடையாது. அவர் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்துக் காட்டினேன். கீழே கையெழுத்துப் போடச் சொல்லி, மை காயும்வரை காத்திருந்து எடுத்துப் போனார். அன்று சாயங்காலம் ஆட்டம் இருந்தது. நான் போகவில்லை.